கணக்கைக் கேட்போம்!

தோழர்களே, பால் நிறுக்கும்போதும் செம்பனைக் குலை எண்ணும்போதும் கண் கொட்டாமல் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிப் பில்லை மட்டும் ஏன் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறோம்? "டாக்டருகிட்டப் போய்க் கணக்குக் கேக்கலாமா?" என்பார்கள் நம்மவர்கள். தாராளமாகக் கேட்கலாம்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1986-இல் சட்டம் போட்டு இதற்கென்றே ஒரு மன்றம் அமைத்தது. முதலாளிகளோடு தொழிற்சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆஸ்பத்திரிகள் எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு வாங்கின, இருதய ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கையெல்லாம் வாங்கி, பேர் போட்டே வெளியிட்டு வந்திருக்கிறது அந்த மன்றம்.

மலேசியாவில் 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டுமென்று அரசாங்கம் உத்தரவு போட்டது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் விலை மட்டும் தெரிந்தால் போதுமா? வைத்தியம் பலித்ததா என்பதும் தெரிய வேண்டாமா? மலிவென்று போய் உயிரை விட்டால் யாருக்கு லாபம்?

ஆகவே, இனி பில்லைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியொரு மன்றம் இங்கேயும் வேண்டும், அதில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று சங்கம் குரல் கொடுக்க வேண்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!