பால் கணக்கும் டைரியும்

ஜனவரி பிறக்கும்போது நம் குடும்பங்களில் புதிய டைரிகள் இரண்டொன்று வந்து சேருகின்றன. கடைக்காரர் இனாமாகத் தந்தது ஒன்று. வீட்டுப் பிள்ளை ஆசையோடு வாங்கியது ஒன்று. முதல் தேதியன்று பக்கம் நிறைய உயர்ந்த சங்கல்பங்கள் எழுதப்படுகின்றன. பொங்கலுக்குள் அவை நாலு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. மாசி பிறந்ததும் அந்த டைரி பால் கணக்குக்குப் போய்விடுகிறது.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. பால் கணக்கு மட்டும் வருஷம் முழுவதும் தவறுவதில்லையே, அது ஏன் என்று யோசிக்க வேண்டுகிறோம். சங்கல்பம் இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. கணக்கோ நடந்ததைப் பற்றியது. நடந்ததை எழுத உற்சாகம் வேண்டியதில்லை. உண்மை இருந்தால் போதும்.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இதற்குச் சிறந்த உதாரணம். 1709-ல் பிறந்த அவர் வர்த்தகர். பிறகு டூப்ளே துரையின் துபாஷி. 1736 செப்டம்பரில் தொடங்கிய தினக் குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் காலமாகும் வரையில், சுமார் இருபத்தைந்து வருஷ காலத்தைத் தழுவி நிற்கிறது. வந்த கப்பல், சரக்கின் நிலவரம், துரைகளுக்குள் நடந்த சண்டை, கலியாணம், சகுனம் எல்லாம் அதில் உண்டு. தஞ்சை ராஜ்யத்திலிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் போன 1739-ஆம் வருஷமும், சென்னைப் பட்டணம் அவர்களிடம் வீழ்ந்த 1746-ஆம் வருஷமும் அக்காலத்தில் அடங்கியவையே. 1846-ல் வெளிப்பட்ட அக்குறிப்பு, 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷில் வெளிவந்தது. இந்தியருக்குச் சரித்திர உணர்ச்சியே இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு, பேச்சுத் தமிழில் எழுதிய ஒரு வியாபாரியின் ஏடு தக்க விடையாயிற்று.

நம் காவேரிப் பாசனத்திலும் இந்த உண்மையைக் காணலாம். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. ஜூன் 12-ந் தேதி அதைத் திறப்பது வழக்கம். ஆனால் எல்லா வருஷமும் அன்று தண்ணீர் கிடைப்பதில்லை. வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிய தேதி, நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, மாவுக்குக் கண்டுமுதல் எவ்வளவு என்று குறித்துவைக்கும் விவசாயிக்குப் பத்து வருஷத்தில் தன் நிலத்தின் குணம் தெரிந்துவிடுகிறது. குறிக்காதவர் ஞாபகத்தை நம்புகிறார். ஞாபகமோ நமக்கு வேண்டியவிதமாகவே சாட்சி சொல்லும்.

பள்ளிக்கூடத்தில் இதை நாம் நித்தியம் காண்கிறோம். “நன்றாகத்தான் படித்தேன், ஸார்” என்று கண்ணீர் விடும் பிள்ளை பொய் சொல்வதில்லை, அவனுக்கே தெரியாது. “கணக்கு ஒரு மணி நேரம், நாலில் இரண்டு வரவில்லை” என்று அன்றன்று எழுதியிருந்தால் பரீட்சைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே, இராப் போஜனத்திற்குப் பின் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாலு வரி எழுதினால் போதும். செய்த வேலை, வீணான பொழுது, புதிதாய் அறிந்தது, யாரைக் கடிந்து பேசினோம் என்பது. விட்டுப்போன நாளைப் பின்னால் நிரப்ப வேண்டாம். பால் வராத நாளுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே எழுதுகிறோமல்லவா? மாதக் கடைசியில் கணக்குக் கூட்டுவதுபோல் எல்லாவற்றையும் படித்துப் பார்க்க வேண்டும். கோபம் எத்தனை நாள், “நாளைக்குப் பார்க்கலாம்” எத்தனை நாள் என்று அப்போது தெரியும். அபிவிருத்தி தொடங்குவது அந்தக் கூட்டுத் தொகையிலிருந்துதான்.

பொழுதில்லை என்பவர்கள் மகாதேவ தேசாயை நினைக்கலாம். காந்தியடிகளின் காரியதரிசியாக ஓயாது உழைத்த அவர், 1917 முதல் 1942-ல் சிறையிலேயே உயிர் நீத்த வரையில் டைரி எழுதிவந்தார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் டைரியை அவர்கள் இல்லாத வேளையில் புரட்டாதீர்கள். பிறர் பார்ப்பார்கள் என்ற பயம் புகுந்தால், அதில் உண்மை இராது.

வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிகளுக்கோ இந்தப் பழக்கம் ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது. இன்றிரவு பால் கணக்கின் கீழேயே தம்மைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும். அதற்குப் புதிய டைரிகூட வேண்டியதில்லை.