கோலாப்பூரி செருப்பு: டிசைன் மாணவர்கள் ரெடி... கைவினைஞர் வீட்டுப் பிள்ளை எங்கே?

குர்தாவோ, ஜீன்ஸோ... எதுக்குப் போட்டாலும் செட் ஆகுற செருப்பு கோலாப்பூரி. தட்டையான அடித்தோல், பின்னல் வார், கட்டைவிரலுக்கு ஒரு வளையம், அவ்ளோதான். 2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலன் நகர ஃபேஷன் ஷோவில் அச்சு அசலா இதே சாயலில் ஒரு செருப்பை பிராடா மேடையேற்றியது. எந்த ஊர் செருப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோஷியல் மீடியா கொதித்தது. 'இந்தியக் கைவினையைப் பார்த்துத்தான் செய்தோம்' என்று பிராடா பிறகு ஒப்புக்கொண்டது.

சண்டை இப்போது ஒப்பந்தத்தில் வந்து நிற்கிறது. மகாராஷ்டிராவின் லிட்காம், கர்நாடகாவின் லிட்கர் ஆகிய இரண்டு அரசுத் தோல்தொழில் கழகங்களோடு 2025 டிசம்பரில் பிராடா கைகோத்தது. இங்கேயே 2,000 ஜோடி செய்வது, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது, கைவினைஞர்களுக்குப் பயிற்சி தருவது என்பதெல்லாம் திட்டம். 800 யூரோ என்றால், நம்ம கணக்கில் 80,000 ரூபாய்க்கும் மேல!

மாணவர்கள் என்ன செய்றாங்க?

கோலாப்பூரியைக் கவனித்த முதல் வெளியாள் பிராடா கிடையாது. கைவினைக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, தொழிலை ஆவணப்படுத்துவது நிஃப்ட் போன்ற டிசைன் கல்லூரிகளில் படிப்பின் ஒரு பகுதி. ஐ.ஐ.டி பம்பாயின் டிசைன் துறை நடத்தும் 'டி-சோர்ஸ்' தளத்தில் கோலாப்பூரி செய்முறை படங்களோடு பதிவாகியிருக்கிறது.

இதில் நிஜமான பலன் இருக்கிறது. தோலைக் கருவேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தி, ஆணியே அடிக்காமல் தோல் இழையாலேயே தைக்கிற வித்தை இது. கை வழி கையாக வந்ததால் எழுதிவைத்தவர்கள் குறைவு. அதை மாணவர்கள் எழுதுகிறார்கள். வாங்குபவர்களின் புகாருக்கும் தீர்வு தேடலாம். புதுச் செருப்பு காலைக் கடிக்குது, மழையில் நனைஞ்சா போச்சு, ஒரே சைஸ் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு அளவா இருக்கு... உள்ளே மெத்தை வைப்பதும், சைஸை ஒழுங்குபடுத்துவதும் படித்த மூளைக்கு ஏற்ற வேலைதான்.

ஆனா, கிரெடிட் யாருக்கு?

சிக்கல் இங்கேதான். ஒரு மாணவி ரெண்டு வாரம் தங்கி, பட்டறைக்காரரோடு சேர்ந்து புது மாடல் ஒன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த போட்டோ அவருடைய போர்ட்ஃபோலியோவில் ஏறும். வேலையும் வாங்கித் தரலாம். தைத்துக் கொடுத்தவருக்கு? பல நேரங்களில் படத்துக்குக் கீழே 'உள்ளூர்க் கைவினைஞர்' என்ற ரெண்டு சொல்தான். வாரைப் பின்னுகிற, தையல் போடுகிற பெண்களுக்கு அதுகூட மிஞ்சுவதில்லை. பிராடாவிடம் நாம கோபமா கேட்ட கேள்வியைச் சின்ன அளவில் இங்கேயும் கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்தை நம்பலாமா? 2019-ல் கோலாப்பூரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிராவில் 4, கர்நாடகாவில் 4 என மொத்தம் 8 மாவட்டங்கள் அதில் வருகின்றன. ஆனால், அந்தக் குறியீடு முக்கியமாகக் காப்பது பெயரை. 'கோலாப்பூரி' என்று சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால் பிடிப்பது கஷ்டம். பிராடாவுக்கு எதிரான பொதுநல மனுவையும், 'இதைக் கேட்க வேண்டியது குறியீட்டைப் பதிவு செய்தவர்கள்' என்று சொல்லி 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

பேசாமல் விடுகிற விஷயம்

தோல் பதனிடுவதும் செருப்பு தைப்பதும் இந்தச் செருப்பின் சொந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தலித் சமூகங்களின் தலையில் கட்டப்பட்ட வேலை. லிட்காமின் முழுப்பெயரிலேயே 'சர்மகார்' என்ற சமூகப் பெயர் இருக்கிறது. செருப்பு ஃபேஷன் ஆனது. தைத்தவருக்கு மரியாதை வந்ததா? வருமானமும் குறைவு, இழிவும் கூடவே வருகிறது என்றால், 'என் பிள்ளை இதைத் தொட வேண்டாம்' என்று ஒரு அப்பா சொல்வதில் என்ன தப்பு? போதாததற்கு, 2015-ல் மகாராஷ்டிராவில் காளை, எருது வெட்டத் தடை வந்த பிறகு தோல் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது.

ஆக, வெளியூர் மாணவருக்கு 'கூல் கிராஃப்ட்', அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தப்பித்து ஓட வேண்டிய வேலை. இந்த முரண் தீராமல் புது டிசைன்கள் எத்தனை வந்தாலும், பத்து, இருபது வருஷம் கழித்துத் தைக்கக் கை இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இருக்க விரும்புகிறவருக்கு டிசைன் கல்லூரியின் கதவு திறக்க வேண்டும். அதற்கு ஃபீஸ் உதவி வேண்டும், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கைத்திறனை மதிப்பிடும் நுழைவுத்தேர்வு வேண்டும். கிராமத்துக்கு மாணவர்களை அனுப்பும் கல்லூரி, அங்கே கற்றுக்கொடுக்கிறவரை ஆசிரியராக மதித்துச் சம்பளமும் கொடுக்கலாமே!

நாம என்ன பண்ணலாம்?

பிராடா சர்ச்சைக்குப் பிறகு லிட்காம், கோலாப்பூரிக்கு கியூ.ஆர் கோடு கொண்டுவந்திருக்கிறது. ஸ்கேன் செய்தால் செய்தவர் யார், எந்த ஊர், என்ன பொருள் என்று தெரியும். அடுத்த முறை வாங்கும்போது அந்தக் கோடு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 'யார் செஞ்சது?'ன்னு கடைக்காரரிடம் கேளுங்க. டிசைன் படிக்கிறவரா இருந்தா, ப்ராஜெக்ட்டின் முதல் பக்கத்தில் உங்க பேருக்குப் பக்கத்திலேயே தைத்தவர், பின்னியவர் பேரையும் அவங்க சம்மதத்தோட போடுங்க. அந்த மாடல் விற்பனைக்குப் போனா யாருக்கு எவ்வளவு பங்குன்னு, முதல் தையலுக்கு முன்னாடியே பேசி எழுதிவெச்சிடுங்க.