சீசாவுக்குள் ஓர் உயிர்

வண்ணமீன் விற்கும் கடைகளின் முன்னே சிறு சிறு சீசாக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். ஒவ்வொரு சீசாவிலும் ஒரே ஒரு மீன். நீலமும் சிவப்புமாய்ப் பட்டாடை விரித்தாற்போன்ற துடுப்புகள். பக்கத்துச் சீசாவில் இன்னொரு மீனைக் கண்டதும் செவுள்மூடியை விரித்துச் சீறி நிற்கும். கடைக்காரர்கள் இதனைப் ‘பைட்டர்’ என்பார்கள். ‘பெட்டா’ என்றும் சொல்வதுண்டு. சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகள் தொடங்கிச் சிற்றூர்ச் சந்தைகள் வரை இது கிடைக்கிறது. சாதாரண வகையை ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் காசில் வாங்கிவிடலாம். “இதற்குப் பராமரிப்பே வேண்டாம், ஒரு சீசா போதும்” என்று சொல்லி அனுப்புவாரும் உண்டு. விலை பற்றிய செய்தி உண்மை. பராமரிப்புப் பற்றிய செய்தி பொய். அந்தப் பொய்க்கு நானும் ஒருமுறை இரையானேன். இல்லை, என்னால் ஒரு மீன் இரையாயிற்று.

என் மகள் பள்ளியில் பரிசு பெற்ற நாளில் அவளுக்கென்று ஒரு பெட்டா மீன் வாங்கினேன். கையடக்கமான கண்ணாடிக் கிண்ணம், அடியில் பரப்ப வண்ணக் கற்கள், நெகிழியால் ஆன தாமரைப் பூ ஆகியவற்றையும் வாங்கினேன். மீனின் விலையைப் போல ஐந்து மடங்கு இவற்றுக்கு ஆயிற்று. இருபத்தாறாம் நாள் மீன் செத்து மிதந்தது. “நாம் என்ன தவறு செய்தோம், அத்தா?” என்று மகள் கேட்டாள். “விதி” என்று சொல்லிச் சமாளித்தேன். அது விதியன்று, அறியாமை என்பதை எனக்குக் கற்பித்தவர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர்.

அதைச் சொல்வதற்கு முன் இம்மீனின் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நலம். சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் நெல்வயல்களும் சதுப்புகளும் வாய்க்கால்களுமே இதன் தாயகம். அந்நாட்டார் நெடுங்காலமாக இவற்றை மோதவிட்டுப் பந்தயம் கட்டி வந்தனர். 1910ஆம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்னும் விலங்கியல் அறிஞர் இதற்கு ‘பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்’ என்று அறிவியற்பெயர் சூட்டினார். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஒரு நாடு தன் அடையாளமாகக் கொண்டாடும் உயிரைத்தான் நாம் ஊறுகாய்ச் சீசாவில் அடைத்து வைக்கிறோம்.

சீசாவில் அடைக்கும் பழக்கம் எப்படி வந்தது? இம்மீனுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு உண்டு. அதன் துணையால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஆகவே பிராணவாயு குறைந்த நீரிலும் உடனே சாகாது. இந்த ஆற்றலே அதற்குக் கேடாக முடிந்தது. மற்ற மீன்கள் சில மணி நேரத்தில் செத்து நம் பிழையை நமக்கு உணர்த்திவிடும். இதுவோ பல நாள் பொறுத்துக்கொண்டு துன்புறும். மூச்சு விடுவது வேறு, வாழ்வது வேறு.

மீனின் கழிவிலிருந்தும், உண்ணாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கிறது. சிறு கிண்ணத்தில் அது ஓரிரு நாளிலேயே மிகுந்துவிடும். நீர் அதிகமாக இருந்தால் நஞ்சு நீர்த்துப்போகும். அன்றியும், தொட்டியின் சுவரிலும் செடியின் மீதும் நாளடைவில் குடியேறும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். நானோ வாரந்தோறும் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் துலக்கி, நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்நீரை நிரப்பினேன். தூய்மை என்று எண்ணி நான் செய்தது, காவலர்களைக் கொன்று பகைவனை வரவேற்ற செயலாயிற்று. குழாய்நீரின் குளோரினும் தன் பங்குக்கு மீனின் செவுளை வருத்தியது.

இனி அந்த மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். உதவித்தொகையில் படித்தவர், விடுதி மாணவர். அவர் அறையில் ஒரு பெட்டா மீன் இரண்டாண்டாக வாழ்கிறது என்று கேள்வியுற்று வியந்து பார்க்கச் சென்றேன். கண்ணாடித் தொட்டியைக் காணவில்லை. சமையற்கூடத்துக்குத் தயிர் வந்த பதினைந்து லிட்டர் வெள்ளை வாளி ஒன்று சன்னலோரம், வெயில் நேராகப் படாத இடத்தில் இருந்தது. உள்ளே வேலம்பாசி. வாளியின் விளிம்பிலிருந்து ஒரு மணி பிளான்ட் கொடி நீருக்குள் வேர்விட்டிருந்தது. நீர் இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. மீனோ என் மகளின் மீனைவிட இருமடங்கு துடிப்பாக இருந்தது.

அவரிடம் நான் கேட்டறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, இடம். குறைந்தது பத்து லிட்டர், இயன்றால் பதினைந்து இருபது லிட்டர் நீர் வேண்டும். உணவுப்பொருள் வந்த, வேதிப்பொருள் படாத வாளியே போதுமானது. சோப்பின்றி வெந்நீரால் நன்கு கழுவினால் போதும். விளிம்பு வரை நிரப்பலாகாது. இம்மீன் துள்ளி வெளியே விழும் இயல்புடையது. மேலே துளையிட்ட மூடியோ வலைத்துணியோ வேண்டும். அது மூச்சுவிட நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, நீர். குழாய்நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் அகன்றுவிடும். சில ஊர்களில் கலக்கும் குளோரமின் அவ்வாறு அகலாது. அங்கே மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சில துளி வேண்டும். ஒரு சிறு புட்டி பல மாதம் வரும். வடிகட்டி இல்லாத வாளியில் வாரத்துக்கு இரண்டு முறை, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இதனை இன்னும் அடிக்கடி செய்தல் நன்று. அடியில் தங்கும் கழிவைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அந்நீர் செடிகளுக்கு நல்ல உரம்.

மூன்றாவது, உணவு. அதன் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவே இருக்கும் என்பர். காலையும் மாலையும் இரண்டு மூன்று உருண்டைத் தீனி போதும். சோறும் ரொட்டியும் கூடாது. இது புழுபூச்சி தின்னும் மீன். கொசுப்புழு இதற்கு விருந்து. ஆனால் அதற்காகச் சாக்கடையில் கைவிடுவதோ, டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதோ தகாது. பசியால் சாகும் மீனைவிட, அன்பின் மிகுதியால் அளவின்றித் தீனி போட்டதால் சாகும் மீன்களே அதிகம்.

நான்காவது, தட்பவெப்பம். இம்மீனுக்கு 25 முதல் 28 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. குளிர்நாட்டார் இதற்கென மின்சூடேற்றி வாங்குகின்றனர். நம் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அந்தச் செலவைக் கதிரவனே ஏற்றுக்கொள்கிறான். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் மட்டும் இதனைத் தனியே கருத வேண்டும்.

நீரின் தேநீர் நிறத்துக்குக் காரணம் கேட்டேன். கல்லூரி வளாகத்து நாட்டு வாதுமை மரத்தின் கீழ் தானே உதிர்ந்த காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டதாகச் சொன்னார். அதன் துவர்ப்புப்பொருள் நீரைச் சற்றே அமிலத்தன்மை உடையதாக்கும். இம்மீனின் தாயகத்து நீரும் அத்தகையதே. வெளிநாடுகளில் இவ்விலையைப் பையிலிட்டு விற்கிறார்கள். நாமோ நாள்தோறும் அதைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம்.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை வகுப்பறையில் நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதனைக் கொடைமடம் என்று புலவர்கள் போற்றினர். ஆனால் மன்னனின் கொடைக்கு அழகாகும் மடம், உயிர் வளர்ப்புக்கு உதவாது. நான் வாங்கிய வண்ணக் கற்களும் நெகிழித் தாமரையும் மயிலுக்குப் போர்த்திய போர்வைகளே. அவை என் கண்ணுக்கு, மீனுக்கன்று. மாணவரின் வாளியில் இருந்தவையோ ஒவ்வொன்றும் மீனுக்கு. அவர் செலவிட்டது என் செலவில் பத்தில் ஒரு பங்கும் இராது. அவர் கொடுத்தது காசு அன்று. நாள்தோறும் ஐந்து நிமிடக் கவனம்.

“மனிதருக்கே சோறில்லாத நாட்டில் மீனுக்கு என்ன சீராட்டு?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. மீன் வளர்க்க வேண்டும் என்று எவருக்கும் கட்டாயமில்லை. வளர்க்க மனமோ நேரமோ இல்லாதவர் வாங்காதிருப்பதே அறம். ஆனால் வாங்கிவிட்டபின் அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ‘ஐம்பது ரூபாய் மீன்தானே, செத்தால் இன்னொன்று’ என்னும் பேச்சைக் கேட்டு வளரும் குழந்தை மீனைப் பற்றி மட்டுமா பாடம் கற்கிறது? விலையைக் கொண்டு உயிரை அளக்கும் பழக்கம் மீனோடு நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. வீட்டு வேலை செய்பவரையும் கூலியாளையும் நாம் எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு சொற்கள். ஆண் மீன்கள் இரண்டை ஒன்றாய் விட்டோ, நாளெல்லாம் கண்ணாடியைக் காட்டியோ சினமூட்டி மகிழாதீர்கள். அது வேடிக்கையன்று, வதை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மீனைக் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். அயல்நாட்டு மீனை நம் நீர்நிலையில் விடுவது இரு தரப்புக்கும் கேடு. நலமான மீன் மூன்று நான்கு நாள் உணவின்றித் தாங்கும். அதற்கு மேலானால் நண்பரிடம் ஒப்படையுங்கள்.

அந்த மாணவரும் அப்படியே செய்தார். இறுதித் தேர்வு முடிந்த நாளில் வாளியை என் வீட்டு வாயிலில் இறக்கி வைத்து, நீர் மாற்றும் நாள்களைக் குறித்த தாளையும் என் மகளிடம் கொடுத்துச் சென்றார். முதுமையால் நிறம் மங்கிய அம்மீன் எங்களிடம் மேலும் எட்டு மாதம் வாழ்ந்தது. அது இறந்த அன்று மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாளியை வெந்நீரால் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், சோப்புப் போடவில்லை.

செலவைக் குறைக்கலாம், கவனத்தைக் குறைக்கலாகாது. ஏழையால் உயிர் வளர்க்க இயலாது என்பது தவறு. கவனமில்லாதவனால்தான் இயலாது, அவன் எத்துணைச் செல்வனாயினும்.