கோழி மருந்தும் குளத்து மீனும்

அவிநாசி பக்கம் குளத்தில் தண்ணீரைப் பார்ப்பதே ஒரு காலத்தில் அதிசயம். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசி திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவதுதான் திட்டம். (அறுபது வருடக் கோரிக்கை, அது தனிக்கதை!) தண்ணீர் நின்றால் அடுத்து என்ன? கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட வேண்டியதுதான்.

சரி, விட்ட மீனுக்கு நோய் வந்தால்?

அடிக்கடி வருவது ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவால். வயிறு உப்பும், செதில் தூக்கி நிற்கும், உடம்பெல்லாம் ரத்தத் திட்டு, புண். இந்தக் கிருமி எங்கிருந்தோ வந்து குதிப்பதில்லை. குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருப்பதுதான். மீனை நெருக்கி விட்டு, மிச்சத் தீவனம் அடியில் அழுகி, விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் சோர்ந்துபோகும்போது வேலையைக் காட்டும்.

உடனே கை போவது ஆன்டிபயாடிக் பவுடருக்கு. பக்கத்திலேயே பல்லடம், கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்துப் பழகிய ஊர். ஆனால் கோழி தண்ணீரைக் குடிக்கிறது, மீன் அதற்குள்ளேயே இருக்கிறது. வித்தியாசம் கணக்கில் தெரியும். ஒரு ஏக்கர் குளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்றால்கூட 40 கிலோ மருந்து! அதே குளத்தில் 500 கிலோ மீன் இருந்து, கிலோவுக்கு 75 மில்லிகிராம் வீதம் 10 நாள் தீவனத்தில் கலந்து கொடுத்தால் மொத்தமே 375 கிராம். இரண்டு பிடி பவுடரைத் தூவினால் நோயும் போகாது, காசும் மிஞ்சாது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தீவனத்தில் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. நோய் முற்றிய மீன் சாப்பிடாது. அமெரிக்காவில் இந்த மருந்து கொடுத்த மீனை 21 நாள் கழித்துத்தான் விற்க வேண்டும். இங்கே மீனில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். குளோராம்பெனிகால் கூடவே கூடாது. ஏற்றுமதி இறாலில் மருந்து மிச்சம் இருந்தால் ஐரோப்பாக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். உக்கடம் மார்க்கெட்டில் ரோகு வாங்குகிறவர் எப்படித் திருப்பி அனுப்புவார்?

இன்னொன்று, இந்தக் குளங்கள் நிரம்புவது ஊர்க் கிணறுகளுக்காகவும்தான். மாடும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். ஒருவர் மீன் லாபத்துக்காக அதில் மருந்து கொட்டுவது எந்த ஊர் நியாயம்? குளத்தை ஏலம் விடும்போதே இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாமே.

முதலில் தீவனத்தைக் குறைத்து, செத்த மீனை அள்ளிப் புதைத்து, ஏரேட்டர் ஓட்டினாலே பாதிப் பிரச்சினை அடங்கும். நோயைத் தெரிவிக்க மத்திய அரசு 2023-ல் ஒரு மொபைல் ஆப் விட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போவதென்றால் உயிருள்ள நோய் மீனாக இருக்க வேண்டும். செத்து நாறியதைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.