பணம் பற்றிய ஆராய்ச்சி யாருக்கு?

பெங்களூரில் பொருளாதார ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. நாகரபாவியில் ஒன்று, பன்னேர்கட்டா சாலையில் ஒன்று, பல்கலைக் கழகங்களில் வேறு சில. பங்கு மார்க்கெட், வங்கி, வட்டி, கடன் பற்றியெல்லாம் அங்கே அறிஞர்கள் ஆராய்கிறார்கள். ஊருக்கு இது பெருமைதான்.

ஆனால் இதே ஊரில்தான் மாதாமாதம் லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தது. அதன் தலைவர் துபாய்க்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் சிவாஜிநகரில் ஆயிரக்கணக்கானோர் புகார் மனுவும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஜூலையில் அவர் டில்லியில் கைதானார். சில மாதங்கள்தான் சென்றன. 2020 ஜனவரியில் பசவனகுடி குரு ராகவேந்திர கூட்டுறவு வங்கியில் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஓய்வு பெற்றவர்கள் பலர் வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டு வைத்திருந்தார்கள்.

அறிஞர்கள் இவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது போலீசின் வேலை, ரிசர்வ் வங்கியின் வேலை. நாம் கேட்பது வேறு. தொழிலாளியும் குமாஸ்தாவும் தம் பணத்தை எங்கே, யாரை நம்பிப் போடுகிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயமா, இல்லையா? இதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர். எந்தக் கேள்வியை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, மானியத்தை எதற்குச் செலவிடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் போக்கைப் பொறுத்தே அமைகிறது.

நாகரபாவி நிலையத்தை 1972-ல் தொடங்கியவர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கெய்ன்ஸிடம் படித்தவர். 1931-32-ம் ஆண்டுக்கு பிரிட்டிஷ் இந்தியாவின் தேசிய வருமானத்தை அவர் கணக்கிட்டார். தலைக்கு ஆண்டு வருமானம் 62 ரூபாய் என்று வந்தது. அதோடு விட்டுவிடவில்லை, நகரத்தானுக்கு 166 ரூபாய், கிராமத்தானுக்கு 51 ரூபாய் என்று பிரித்துக் காட்டினார். யாருக்கு எவ்வளவு என்று கேட்கும் மனம் அவருக்கு இருந்தது. மத்திய மந்திரி பதவியும் பார்த்துவிட்ட பிறகு, அறுபது வயதைத் தாண்டி, அவர் இங்கே வந்து ஒரு நிலையத்தைக் கட்டினார்.

சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேசய்யாவும் அப்படித்தான். வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் உதவித் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர், ஊர் திரும்பி 1971-ல் தம் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இன்று பன்னேர்கட்டா சாலையில் உள்ள இந்திய மேலாண்மை நிலையத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி. கம்பெனி அதிகாரிகளை உருவாக்குவதற்கென்று ஏற்பட்ட நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் மாட்டுவண்டியை ஆராய்ந்தார்! நாட்டின் சரக்கில் எவ்வளவை அது சுமக்கிறது, மாட்டின் வேதனையை எப்படிக் குறைப்பது, வண்டியை எப்படித் திருத்துவது என்று பார்த்தார். சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கூட்ஸ் வண்டிக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்ததும், இறங்கிய சரக்கை எடுத்துப் போனதும் மாட்டுவண்டிதானே?

பண விஷயத்தில் நமது மாட்டுவண்டி எது? ஏலச்சீட்டுதான். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும், மாரிக்குப்பத்திலிருந்து தினசரி ரயிலில் வேலைக்கு வருவோரிடையிலும் சீட்டுப் போடாத குடும்பம் குறைவு. கன்னடக்காரர், தெலுங்கர், தமிழர் என்ற வேற்றுமையும் இதில் கிடையாது. இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000. மகள் கல்யாணத்துக்காக மூன்றாம் மாதமே ஒருவர் 4,000 தள்ளி எடுக்கிறார். கைக்கு வருவது 16,000. தள்ளியதில் சீட்டுப் பிடிப்பவர் கமிஷன் 1,000 போக மீதி 3,000 ஆளுக்கு 150 ரூபாயாகக் கழிகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். சரி, அந்த 16,000-க்கு அவர் கொடுக்கும் வட்டி என்ன சதவீதம்? கடைசி மாதம் வரை காத்திருந்தவருக்குக் கிடைத்தது வங்கி வட்டியைவிடக் கூடுதலா, குறைவா? சீட்டுப் பிடித்தவர் நடுவில் ஓடிவிடும் அபாயத்துக்கு என்ன விலை போடுவது? எல்லா மாதத் தள்ளையும் வைத்துக் கணக்குப் போட்டால்தான் பதில் கிடைக்கும். நமக்கு அது மலை. நிதிப் பொருளாதாரம் படித்தவருக்கு அரை மணி வேலை.

முடியாத காரியமும் அல்ல. 1970-ல் சென்னையில் தொடங்கிய நிதி மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சீட்டு நிதிகளை ஆராய்ந்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அது கடன் வழியாக எப்படிப் பயன்படுகிறது என்று எழுதினார்கள். நல்ல முயற்சி. ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். சீட்டுக் கட்டுகிறவர் கைக்கு அது எப்படி வந்து சேரும்?

ஆகவே பெங்களூர் ஆராய்ச்சி நிலையங்களின் தலைவர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை ஆராய்வதோடு, வருகிற கல்வியாண்டில் ஓரிரு ஆராய்ச்சி மாணவர்களையாவது பேட்டைகளுக்கு அனுப்புங்கள். கண்டதைக் கன்னடத்திலும் தமிழிலும் நாலு பக்கத் துண்டுப் பிரசுரமாகப் போடுங்கள். மத்திய சீட்டு நிதிச் சட்டம் 1982-லேயே வந்துவிட்டது. முன் அனுமதி பெற்றே சீட்டுத் தொடங்க வேண்டும் என்கிறது அது. கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தம் 7 ஆக்கியது. வங்கி டெபாசிட்டுக்கான காப்புறுதி 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. சீட்டுப் பணத்துக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. பிரசுரத்தின் முதல் பக்கத்தில் இவற்றையே போடலாம். அச்சிட்டுத் தந்தால் ரயிலடியிலும் ஆலை வாசலிலும் விநியோகிக்க நமது சங்கங்களில் ஆள் உண்டு.