25 எம்பிபிஎஸ் காட்டுது, பக்கம் வரலியே!

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'சாட்டிலைட் இன்டர்நெட் போட்டிருக்கிறேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 25 எம்பிபிஎஸ் என்று முள் ஜோராகப் போய் நிற்கிறது. ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம். யார் சார் பொய் சொல்வது?'

யாரும் பொய் சொல்லவில்லை. டெஸ்ட் சொல்வதும் நிஜம், உங்கள் டீயும் நிஜம். நான் பி.காம். படித்தவன். என்ஜினீயர்கள் சொன்னால் கொட்டாவி வரும் சமாசாரத்தைக் கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் தூரம். உங்கள் டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றுகிற அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், பார்க்கிறவனுக்கு நகராமல் நிற்கும். அந்த உயரத்தில் மூன்று சாட்டிலைட் இருந்தால் உலகம் முழுக்கப் பேசிவிடலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் எழுதினார். (பிற்பாடு இலங்கையில் குடியேறி, 2008-ல் கொழும்பில் காலமானவர்.) ஐடியா பிரமாதம். டி.வி.க்கு அம்சமாகப் பொருந்தியது. டி.வி. ஒரு வழிப் பாதை, நாம் பதில் பேச வேண்டியதில்லை. வெப் பேஜ் அப்படியல்ல, தொணதொணவென்று பேசும்.

நீங்கள் ஒரு லிங்கைத் தட்டினால் அந்தக் கேள்வி மேலே போகிறது, அங்கிருந்து கீழே ஏதோ ஒரு நகரத்தில் இருக்கும் ஹப்புக்கு இறங்குகிறது. பதில் மறுபடி மேலே, மறுபடி கீழே. நாலு தடவை 36 ஆயிரம் கிலோமீட்டர். வெளிச்சத்தின் வேகம் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்றாலும், இந்த ஒரு நடைக்கே அரை செகண்டு சரியாகப் போச்சு. நடுவில் எந்திரங்கள் மூச்சு வாங்குவதையும் சேர்த்தால் 0.6 செகண்டு. ஃபைபரில் இதே நடை பெரும்பாலும் 0.05 செகண்டுக்குள் முடிந்துவிடும்.

'அரை செகண்டுதானே, பொறுத்துக்க மாட்டோமா?' என்பீர்கள். ஒரு நடை என்றால் பொறுக்கலாம். மலையிலிருந்து பையனைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புகிறீர்கள். உப்பு வாங்கி வந்தான். 'அடடா, புளி மறந்துட்டேன்.' மறுபடி பஸ். புளி வந்தது. 'மிளகாய்?' பஸ்ஸில் 52 சீட்டும் காலியாக இருந்து என்ன புண்ணியம்? உங்கள் 25 எம்பிபிஎஸ் என்பது அந்த 52 சீட். நடை குறையவில்லையே!

பிரவுசர் அந்தப் பையன்தான். முதல் நடை, 'இந்த வெப்சைட்டோட விலாசம் என்ன?' இரண்டாவது, 'ஐயா, இருக்கீங்களா?' மூன்றாவது, ஒட்டுக்கேட்பவனுக்குத் தெரியாமல் பேசப் பூட்டு சாவி மாற்றிக்கொள்வது (பழைய முறை என்றால் இதற்கே இரண்டு நடை). நாலாவதுதான், 'பக்கத்தைக் கொடுங்க.' முதல் எழுத்து கண்ணில் படுவதற்குள் இரண்டரை செகண்டு அம்பேல். வந்த பக்கமாவது தனியாக வருகிறதா? படம், எழுத்துரு, விளம்பரம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிற கணக்குப்பிள்ளை என்று எழுபது உருப்படிகள் இருக்கும். அவற்றில் பல வேறு வேறு ஊர் சர்வர்களில். ஒவ்வொரு புது சர்வருக்கும் 'ஐயா, இருக்கீங்களா' முதல் ஆரம்பம்.

அடுத்தது கிரெடிட் சமாசாரம். இங்கேதான் எனக்குக் குஷி.

இன்டர்நெட்டில் சரக்கு அனுப்புகிற சர்வர் எல்லாம் கெட்டிக்கார மண்டி வியாபாரி. புது வாடிக்கையாளருக்குக் கொஞ்சம்தான் கடன் தருவார். முதல் நடையில் சுமார் 14 கிலோபைட். 'சரக்கு வந்து சேர்ந்தது' என்று ரசீது வந்தால் அடுத்த நடையில் 28, அப்புறம் 56. இப்படியே இரட்டித்துப் போய் ஒரு மெகாபைட் படம் வந்து சேர ஏழு நடை ஆகும். ஏழு பெருக்கல் 0.6 என்றால் நாலு செகண்டுக்கு மேல். லாரி எவ்வளவு பெரிசு என்பதே பிரச்னையில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் கடன் உச்சவரம்பே 64 கிலோபைட். அதில் என்ன தலைகீழாக நின்றாலும் ஒரு சரக்குக்கு செகண்டுக்கு நூற்றிச் சொச்சம் கிலோபைட்தான் தேறும். அதாவது ஒரு எம்பிபிஎஸ்கூட இல்லை.

ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல கணக்குகள் திறந்து, பெரிய பெரிய மூட்டையாக இறக்குகிறது. அதனால் ரோடு நிரம்பி, முள் 25-க்குப் போகிறது. நீங்கள் வாங்குவது சில்லறைச் சாமான்!

இதைச் சமாளிக்க சாட்டிலைட் கம்பெனிகள் ஒரு நல்ல ஃபோர்ஜரி செய்து வைத்திருக்கின்றன. வெப்சைட் அனுப்பும் சரக்குக்கு உங்கள் கம்ப்யூட்டர் ரசீது போடும்வரை காத்திராமல், ஹப்பே அங்கேயே 'வந்து சேர்ந்தது, மேலே அனுப்பு' என்று கையெழுத்துப் போட்டுவிடும். நீங்கள் அனுப்புவதற்கு இங்கே உள்ள மோடம் கையெழுத்துப் போடும். இரண்டும் கூட்டு. வியாபாரி நம்பிச் சரக்கைத் தள்ளிக்கொண்டே இருப்பார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஆபீஸ் லேப்டாப்பில் வி.பி.என். போட்டு வேலை பார்க்கிறவர்கள் கவனிக்கவும். வி.பி.என். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அரக்கு வைத்து விடுகிறது. உள்ளே என்ன என்று மோடமுக்குத் தெரியாது. தெரியாத சரக்குக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? உடனே மாட்டு வண்டி. சாட்டிலைட்டுக்கு ஒத்துப்போகும் வி.பி.என். இருக்கிறதா என்று கம்பெனிக்காரரைக் கேளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட்டு பிரவுஸ் பண்ணுங்கள். குரோமில் 'க்விக்' என்று ஒரு புது முறை இருக்கிறது. ஃபைபரில் பேருக்கேற்ற சுறுசுறுப்பு. ஆனால் அதுவும் அரக்கு வைத்த பெட்டிதான். ஃபிளாக்ஸ் பக்கத்தில் போய் அதை நிறுத்திப் பாருங்கள். சில இணைப்புகளில் முன்னேற்றம் தெரியும். தெரியாவிட்டால் பழையபடி விட்டுவிடுங்கள்.

மலை மேல் பிரவுசிங் சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஒரு பெண், அப்பாவோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். ஃபாரம் நிரப்பி, போட்டோ ஏற்றி, பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது' என்று வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஓ.டி.பி. காலாவதி. அந்த அப்பா ஒன்றுமே பேசவில்லை. துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மாப்ளே, டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கட்டுமா?" என்றார் நண்பர்.

"அதை மட்டும் தொடாதே" என்றேன். "உன் வைஃபைல எத்தனை பேர் தொங்கறாங்க?"

வாசலில் ஐந்து பேர். அதில் ஒருவர் போன், கோவில் திருவிழா வீடியோ முழுவதையும் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் அப்டேட்டில் மும்முரம். சாட்டிலைட்டில் மேலே போகும் பாதை ஒற்றையடிப் பாதை. அதில் ஒருவர் மெத்தை தூக்கிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர் எல்லாம் நிற்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் அணைத்தோம். கேபிளை நேராக மோடமில் செருகினோம். 200 கிலோபைட்டாக இருந்த போட்டோவை 40-க்குச் சுருக்கினோம். பிங் போட்டால் இரண்டு செகண்டாக இருந்தது, 650 மில்லி செகண்டுக்கு வந்தது. பணம் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி மணி பதினொன்று பத்து. "தேங்க்ஸ்ணா" என்றாள் அந்தப் பெண். அப்பா துண்டைத் தோளில் போட்டார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை ஐகோர்ட் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ரோடு இல்லாததைப் பற்றியெல்லாம் பேச்சு வந்தது. சர்டிபிகேட் முதல் ஸ்காலர்ஷிப் வரை ஆன்லைன் ஆகிவிட்ட காலத்தில், பக்கம் திறக்காததும் ரோடு இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். கீழே இறங்கி வந்து விண்ணப்பித்தால் ஒரு நாள் கூலி போச்சே!

சரி, வைத்தியத்துக்கு வருவோம். பிங் போட்டுப் பாருங்கள். 600, 700 மில்லி செகண்டு வந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை, அது பிறவிக் குணம். இரண்டாயிரம், மூவாயிரம் என்று போனால் யாரோ மெத்தை தூக்குகிறார்கள். இல்லையென்றால் சாயங்காலக் கூட்டம். ஒரே சாட்டிலைட் கற்றையைப் பல ஊர்க்காரர்கள் பகிர்ந்துகொள்கிறீர்கள். மாசக் கடைசியில் மட்டும் மந்தமானால் டேட்டா கோட்டா தீர்ந்திருக்கும், கம்பெனிக்காரர் குழாயைப் பாதி மூடியிருப்பார். பதிலே வராமல் நடுநடுவே விட்டுப்போனால்தான் டிஷ்ஷைப் பார்க்க வேண்டும். அதுவும் கண்ணால் மட்டும்! குரங்கு உட்கார்ந்து ஒரு டிகிரி திரும்பிவிட்டால், அங்கே மேலே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை போய்த் திரும்பி, இன்னும் மிச்சம் இருக்கும். அதைச் சரி செய்ய மீட்டரோடு ஆள் வர வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, கேபிள் முனையில் தண்ணீர் இறங்கி துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. மலையில் இது அடிக்கடி வரும் வியாதி.

மழைக்கு மருந்து கிடையாது. இங்கே வெயில் கொளுத்தும்போதும் இணைப்பு படுத்தால் ஹப் இருக்கும் ஊரில் மழையாக இருக்கலாம். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், தினம் சில நிமிஷம் தானாகவே கட் ஆகித் தானாகவே வரும். சூரியன் நேராக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நின்று டிஷ்ஷின் கண்ணைக் கூச வைக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு பாலன்ஸை வீணாக்காதீர்கள்.

எல்லோரும் சொல்லும் ஒரு வைத்தியம் உண்டு. 'கேஷ் கிளியர் பண்ணுங்க!' சாட்டிலைட்டில் இதைச் செய்வது வீட்டில் இருக்கும் உப்பு புளியைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பையனை மறுபடி பஸ் ஏற்றுவது மாதிரி. பக்கம் கோணல்மாணலாகத் தெரிந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். டி.என்.எஸ்-ஐ மாற்றச் சொல்லும் நண்பரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனி கொடுத்ததையே விடுவது நல்லது, சில மோடம்கள் விலாசங்களைத் தானே ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு நடையை மிச்சம் பண்ணும். விளம்பரத் தடுப்பான் போடுங்கள், சாமான் பட்டியல் சரிபாதியாகக்கூடக் குறையலாம். படிக்க வேண்டிய நாலு பக்கத்தை நாலு டேபில் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு முதல் பக்கத்தைப் படியுங்கள். மற்ற மூன்றும் அதற்குள் வந்திருக்கும்.

தாழ்வாகப் பறக்கும் சாட்டிலைட்டுகள் இந்த நடைத் தொல்லையைத் தீர்த்துவிடும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் பறக்கிறது. ஒன்வெப் 1,200 கிலோமீட்டரில், அதில் 72 சாட்டிலைட்டுகளை 2022-லும் 2023-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ராக்கெட்தான் ஏற்றியது. ஸ்டார்லிங்க் இலங்கையில் 2025 ஜூலையில் சேவை ஆரம்பித்தது. இந்தியாவில் அதற்கு லைசென்ஸ் கிடைத்தது அதற்கு முந்தின மாதம். இந்த வகையில் ஒரு நடை ஃபைபருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் சாட்டிலைட் ஒரே இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் டிஷ்ஷுக்கு அகலமாக வானம் வேண்டும். மரம் மறைத்தால் அடிக்கடி விக்கல் எடுக்கும். டிஷ்ஷா, பலா மரமா என்று வீட்டில் பஞ்சாயத்து வந்தால் டிஷ்ஷை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். மரம் காய்க்கும் சார்!