கல்லாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

பண்டிகை மாதங்கள் நெருங்குகின்றன. ஏஜென்சிகளில் கன்டென்ட் காலண்டர்கள் நிரம்பத் தொடங்கியிருக்கும். சரஸ்வதி பூஜைக்கு ஒரு வீணை, தீபாவளிக்கு ஓர் அகல்விளக்கு, மூலையில் கிளையன்ட்டின் லோகோ, கீழே நல்வாழ்த்து. சிமென்ட் கம்பெனியும் பல் மருத்துவமனையும் ஒரே விளக்கைத்தான் ஏற்றுகின்றன. லோகோவை மாற்றி ஒட்டினால் கிளையன்ட்டுக்கே வித்தியாசம் தெரியாது. இடைப்பட்ட நாட்களுக்கு ட்ரெண்டிங் ஆடியோவில் இரண்டு ரீல்ஸ், ஒரு மீம், ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு கரோசல். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அடுத்த மாதத்துக்கு உட்கார்ந்தால், ‘ஐடியாவே வரமாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் ஆரம்பமாகிவிடும்.

இதற்கு நாம் தேடும் மருந்துகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். போட்டிக் கடையின் பக்கத்தை மேய்வது, ‘நூறு கன்டென்ட் ஐடியாக்கள்’ பட்டியலைச் சேமித்து வைப்பது, இப்போது புதிதாக சாட்ஜிபிடியிடம் கேட்பது. அதே பட்டியல் பக்கத்து ஏஜென்சியிடமும் இருக்கிறது. பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கும் நமக்கு வந்த பதில்தான் வரும். நம்மிடம் கற்பனைக்குக் குறைவில்லை; கைவசம் சரக்குதான் இல்லை. எழுதுகிற பிள்ளைகள் கிளையன்ட்டின் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை என்றால் சரக்கு எங்கிருந்து வரும்?

ஜே. வால்டர் தாம்ஸன் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வெப் யங் இதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஐடியா என்பது பழைய விஷயங்களின் புதிய சேர்க்கை என்பது அவர் கட்சி. ஐடியா உண்டாக்கும் வேலையில் முதல் படி, விற்கும் பொருளையும் வாங்கும் மனிதரையும் பற்றித் தகவல் திரட்டுவது. அந்தப் படியைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள் என்று அவரே எழுதினார். இன்றும் அதில் பெரிய மாற்றமில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளெண்டர் தயாரிக்கும் பிளெண்ட்டெக் நிறுவனத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அதில் நாம் கவனிக்கும் இடம் தவறு. ‘வில் இட் பிளெண்ட்?’ வீடியோக்கள் 2006-இல் யூடியூபில் வந்து உலகம் சுற்றின. மறு ஆண்டு ஐபோனையே ஜாருக்குள் போட்டு அரைத்தார்கள். ‘எவ்வளவு விசித்திரமான கற்பனை!’ என்று வகுப்புகளில் காட்டுகிறோம். நடந்ததோ வேறு. அங்கே மார்க்கெட்டிங் பொறுப்புக்குப் புதிதாக வந்த ஜார்ஜ் ரைட், ஆலைக்குள் தரையில் மரத்தூள் கிடப்பதைப் பார்த்தார். பிளெண்டர் கம்பெனியில் மரத்தூளுக்கு என்ன வேலை என்று விசாரித்தார். நிறுவனர் டாம் டிக்சன் மரக்கட்டைகளை உள்ளே விட்டு அரைத்துத்தான் இயந்திரத்தின் பலத்தைச் சோதிக்கிறார் என்பது தெரியவந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது அன்றாட வேலை. அதைப் படம் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரைட் கேமராவை வைத்தார். கோலிக்குண்டு, தோட்டத்து வாரி என்று வாங்கிய முதல் சுற்றுச் சாமான்களின் செலவு சுமார் 50 டாலர். தரையைப் பார்த்ததும் ஏன் என்று கேட்டதும்தான் அவர் செய்த பெரிய வேலை.

இரண்டாவது பாடம் வர்ஜீனியாவில் நீச்சல்குளம் அமைத்துத் தந்த ரிவர் பூல்ஸ் நிறுவனத்துடையது. 2008 பொருளாதாரச் சரிவில் அது மூழ்கும் நிலைக்குப் போயிற்று. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதினார். அதில் தலையாயது, ஃபைபர்கிளாஸ் குளம் கட்ட எவ்வளவு ஆகும் என்ற கேள்வி. தொழிலில் இருந்தவர்கள் விலையை வெளியே சொல்லத் தயங்கிய நேரம் அது. அந்தக் கட்டுரைதான் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

இதை நம் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் துணிக்கடை போஸ்ட்டின் கீழும் முதல் கமென்ட் ‘விலை எவ்வளவு?’ என்பதுதான். நாம் தரும் பதில் ‘டிஎம் செய்யவும்’. மக்கள் வாய்திறந்து கேட்பதற்கு வாயை மூடிக்கொண்டு, கேட்காத ‘சர்வதேச புன்னகை தின’த்துக்கு மூன்று மணி நேரம் டிசைன் செய்கிறோம்.

ஒரு காபித்தூள் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பக்கத்தில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நின்றால் போதும். ‘சிக்கரி எவ்வளவு போடலாம்?’ ‘போன தடவை வாங்கினதுல டிகாக்‌ஷன் இறங்கவே இல்லையே?’ ‘பீபெரிக்கும் பிளாண்டேஷனுக்கும் என்ன வித்தியாசம்?’ ‘பையன் பெங்களூர் போறான், அரைச்ச தூள் எத்தனை நாள் தாங்கும்?’ ஒவ்வொன்றும் ஒரு ரீல். டிகாக்‌ஷன் இறங்காததற்கு, தூள் அதிகம் நைசாகிவிட்டது, அல்லது ஃபில்டரில் அழுத்தித் திணித்துவிட்டார்கள் என்பது அரைப்பவருக்குத் தெரியும். இரண்டு ஃபில்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அழுத்தியும் ஒன்றில் மெதுவாகப் பரப்பியும் அவரையே காட்டச் சொன்னால் நாற்பது நொடி வீடியோ தயார். சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலவை விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்பது விதி. அந்த லேபிளை எப்படிப் படிப்பது என்று கடைக்காரரே சொல்லிக்கொடுத்தால் அது அடுத்த போஸ்ட். இந்தச் சரக்கு எந்த டெம்ப்ளேட்டிலும் கிடைக்காது. பட்டுக்கடையில் கோர்வைக் கரை, நகைக்கடையில் சேதாரம், டயர் கடையில் தேய்மானம் என்று ஒவ்வொரு தொழிலிலும் இப்படி ஒரு கேள்விக் குவியல் உண்டு. கேள்விகளைச் சேர்த்த பிறகு, அவற்றை வகைபிரிக்கவும் தலைப்பு யோசிக்கவும் ஏஐ-யைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெறுங்கையோடு போய் அதனிடம் கேட்பதில்தான் தகராறு.

‘அப்படியானால் ட்ரெண்டே வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு கட்டுமானம் தேவை. அமுல் சிறுமி 1966 முதல் நாட்டுநடப்பைக் கிண்டலடித்து வருகிறாள். சில்வெஸ்டர் டா குன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் உருவாக்கிய அந்த வடிவம் மாறவேயில்லை. அன்றைய செய்தி மட்டும் மாறுகிறது. விளம்பரத்தை வெளியிடுமுன் தன்னிடம் ஒப்புதலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அமுலின் வர்கீஸ் குரியன் ஏஜென்சிக்குச் சுதந்திரம் கொடுத்திருந்தார். 2013 சூப்பர் பவுல் ஆட்டத்தில் 34 நிமிடம் மின்வெட்டு ஏற்பட்டபோது, இருட்டிலும் பாலில் தோய்க்கலாம் என்ற பொருளில் ஓரியோ பிஸ்கட் பிராண்டு போட்ட ட்வீட் இன்றும் பேசப்படுகிறது. எழுதுபவரும் வரைபவரும் ஒப்புதல் தருபவரும் அன்று ஒரே அறையில் இருந்தார்கள். நம்மிடமோ செவ்வாய்க்கிழமை ட்ரெண்டுக்கு வெள்ளிக்கிழமை அப்ரூவல் வருகிறது. அதற்குள் அது பழங்கஞ்சியாகிவிடும்.

சட்டமும் கவனத்தில் இருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும், ஸ்பான்ஸராக இல்லாத பிராண்டுகள் அவர் படத்தைப் போட்டு வாழ்த்தின. 2021-இல் அவற்றில் பல சட்ட நடவடிக்கை எச்சரிக்கையைச் சந்தித்தன. சினிமா ஸ்டில்லும் பாட்டும் அப்படித்தான். தனிநபர் ரீல்ஸுக்குக் கிடைக்கிற பாட்டு, வியாபாரக் கணக்கின் விளம்பரத்துக்குத் தானாகச் செல்லுபடியாகிவிடாது. கடையில் படம் எடுக்கும்போது வாடிக்கையாளர் முகம் விழுந்தால் அனுமதி கேட்பதும் இதில் சேரும்.

‘இதற்கெல்லாம் கிளையன்ட் நேரம் தருவதில்லை, கொடுக்கிற காசும் போதாது’ என்ற குறை நியாயமானது. ஆனால் அந்தக் குறையை வளர்த்தது நம் பேக்கேஜ்தான். ‘மாதம் 12 போஸ்ட், 4 ரீல்ஸ்’ என்று எண்ணிக்கையை விற்றோம். கிளையன்ட்டும் எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறார். கடைக்குப் போகும் நாளுக்கு அதில் காசும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். போஸ்ட் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்தக் கட்டணத்தில் மாதம் ஒரு முழுநாள் கடையில் இருப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள்; போக வேண்டியவர் அக்கவுண்ட் மேனேஜர் இல்லை, கேப்ஷன் எழுதுபவர். போன் எடுப்பவரும் வாட்ஸ்அப் பார்ப்பவரும் வாரந்தோறும் தங்களிடம் வந்த கேள்விகளை, வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் இல்லாமல், உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிவையுங்கள். அன்றன்றைய போஸ்ட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல ஒரே ஒருவரைக் கிளையன்ட் நியமிக்கட்டும்.

ரிப்போர்ட்டிலும் லைக்கை முதல் வரியில் போடுவதை நிறுத்திவிட்டு, எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு விசாரித்தார்கள் என்று காட்டலாம். கேள்விக்குப் பதில் சொன்ன போஸ்ட்டுக்கும் அகல்விளக்குக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில்தான் கிளையன்ட்டுக்குப் புரியும். அடுத்த மாதக் காலண்டரைத் திறப்பதற்கு முன், எழுதுகிறவரை ஒரு நாள் கடைக்கு அனுப்பிவையுங்கள். நோட்டில் பத்துக் கேள்வி எழுதாமல் அவர் திரும்ப வேண்டாம்.